நட்சத்திரத் தூசி என்றொரு சோம்பல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதை எழுதினேன். நாமெல்லாரும் நட்சத்திரத் தூசி, பிறகு நமக்குள் என்ன மேல் கீழ் என்று கேட்டு முடியும் கவிதை. இதழில் வந்தது. நண்பர்கள் பகிர்ந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு நண்பர் வீட்டில் மாதம் ஒருமுறை கூடி வாசிப்போம். ஏழெட்டுப் பேர் வருவோம். அதில் மூத்தவர் ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அன்று என் கவிதையை வாசித்து முடித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நல்லாருக்கு தம்பி. ஒரே ஒரு சந்தேகம். எல்லாரும் நட்சத்திரத் தூசின்னா, எங்க லயத்துல எல்லா வீட்டுக்கும் சேத்து ஒரே ஒரு பைப்பு, தொர பங்களாவுல மட்டும் வீட்டுக்குள்ளயே பைப்பு. அது ஏன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று உண்மையாகவே காத்திருந்தார்.

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. நட்சத்திரத் தூசி என்று எழுதினேனே, அதைப்பற்றி எனக்கு என்ன தெரியும்? கார்ல் சேகன் தொலைக்காட்சியில் சொல்லிப் பரவலாக்கிய கருத்து அது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தத் தூசி எங்கே போய், எப்படிக் கோளாகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி அந்த வரி அழகாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

அதன்பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். நான் அறிவியல் மாணவன் இல்லை. எஸ்.பி.எம்மில் வேதியியலைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவன். இது என் கவிதைக்கு நானே எழுதும் விமர்சனம். அதே வரியை நம்பி நம் ஊரிலும் வெளியிலும் எழுதப்படும் கவிதைகளுக்கும், அதைத் தூக்கிப்பிடிக்கும் அறிவியல் தலைப்புச் செய்திகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

*

முதலில் ஒரு படம். 2014 நவம்பரில் வெளியானது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 அலைவாங்கிகள் சேர்ந்து ஒரே கண்போல வேலை செய்யும் ஆல்மா தொலைநோக்கி எடுத்தது. ரிஷப ராசி இருக்கும் திசையில், ஏறக்குறைய 450 ஒளியாண்டு தூரத்தில், எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரம். வயது 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. அதைச் சுற்றி ஒரு தட்டு. தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். வளையங்களுக்கு நடுவே இருண்ட இடைவெளிகள்.

பார்த்தவர்கள் எல்லாரும் வாயடைத்துப்போன படம் அது. ஒரு நட்சத்திரம் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டையாகச் சுழலும், அதிலிருந்துதான் கோள்கள் உருவாகும் என்று ஏட்டில் இருந்ததை அந்தப் படம் கண்ணெதிரே காட்டியது. நம் சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு வட்டுக்கு நடுவில்தான் இருந்திருக்க வேண்டும். நாம் நிற்கும் மண் அதில் எங்கோ ஓரிடம்.

ஆனால் ஒரு படத்தையும் கவிதையைப்போலத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டவில்லை என்றும் கேட்க வேண்டும். அந்த ஆரஞ்சு நிறம் அங்கே இல்லை. ஆல்மா பார்ப்பது மில்லிமீட்டர் அலைநீளத்தில் வரும் கதிர்வீச்சை. நம் கண்ணுக்கு அது இருட்டு. நிறம் நமக்காகப் பூசப்பட்டது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, வானியலில் இது வழக்கம்.

அடுத்ததுதான் என்னை உலுக்கியது. அந்தப் படத்தில் நாம் பார்ப்பது தூசியின் ஒளியை. இப்படிப்பட்ட வட்டின் எடையில் தூசி நூற்றில் ஒரு பங்கு என்றுதான் பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். மீதி 99 பங்கு வாயு. அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஹைட்ரஜனோ எந்த நட்சத்திரமும் சமைத்ததல்ல. பெருவெடிப்புக் காலத்திலிருந்தே இருப்பது. நம் உடம்பில் எண்ணிக்கைக் கணக்குப்படி பத்தில் ஆறு அணுக்கள் ஹைட்ரஜன்தான். நாம் குடிக்கும் தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் மூன்றில் இரண்டு அணு அது. ஆக, 'நாமெல்லாரும் நட்சத்திரத் தூசி' என்ற வரி எண்ணிக்கைக் கணக்கில் பாதிக்கு மேல் தப்பு. எடைக் கணக்கில் பார்த்தால் சரி, உடம்பின் எடையில் ஹைட்ரஜன் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கவிதை எழுதும்போது நான் எந்தக் கணக்கையும் பார்க்கவில்லை.

*

சரி, 99 பங்கு வாயுவை ஏன் படம் பிடிக்கவில்லை? பிடிக்க முடியாது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சமச்சீராகச் சேர்ந்த மூலக்கூறு அது. கடுங்குளிரில் அது பேசாது. ரேடியோ அலையாகத் தன் இருப்பைச் சொல்லிக்கொள்ளாது. வட்டில் மிக அதிகமாக இருப்பதே மிக மௌனமாக இருக்கிறது.

அதனால் வானியலாளர்கள் வேறு சாட்சிகளைத் தேடிப் போகிறார்கள். முக்கியமான சாட்சி கார்பன் மோனாக்சைடு. அளவில் குறைவு, ஆனால் நன்றாகப் பேசும். அதன் ஒளியை அளந்து, வாயு மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். இதில் ஒரு சிக்கல். வட்டின் வெளிப்புறம் மிகவும் குளிர். ஏறக்குறைய மைனஸ் 250 டிகிரிக்குப் போனால் கார்பன் மோனாக்சைடே உறைந்து தூசித்துகள் மேல் படிந்துவிடும். சாட்சியும் ஊமையாகிவிடுகிறது.

அது எந்த இடத்தில் உறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2013இல் ஒரு குழு செய்ததை வாசித்தபோது, இதுவல்லவா வாசிப்பு என்று தோன்றியது. டி.டபிள்யூ. ஹைட்ரே நமக்கு மிக அருகிலுள்ள இத்தகைய வட்டுகளில் ஒன்று. தூரம் ஏறக்குறைய 200 ஒளியாண்டு. அங்கே அவர்கள் கார்பன் மோனாக்சைடைத் தேடவில்லை. இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் அயனியைத் தேடினார்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவாக இருக்கும் இடத்தில் இந்த அயனி பிழைக்காது, அது இதைத் தின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு உறைந்து ஒதுங்கிய இடத்தில்தான் தலைகாட்டும். படத்தில் அயனி ஒரு வளையமாகத் தெரிந்தது. வளையத்தின் உள்விளிம்பு, நட்சத்திரத்திலிருந்து பூமி-சூரியன் தூரத்தைப்போல 30 மடங்கு தள்ளி. நம் குடும்பத்தில் நெப்டியூன் இருக்கும் தூரம். கார்பன் மோனாக்சைடு உறையும் கோடு அங்கேதான்.

ஒருவர் இருக்கும்வரை வாய்திறக்காத இன்னொருவர், அவர் போனபிறகு பேசுகிறார். அந்தப் பேச்சை வைத்து முதலாமவர் எங்கே காணாமல்போனார் என்று அறிகிறோம். குடும்பக் கதை எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. என் கவிதையில் இப்படி ஒரு மௌனம்கூட இல்லை. எல்லாவற்றையும் நானே உரக்கச் சொல்லிவிட்டிருந்தேன்.

*

இப்போது டீச்சரின் பைப்புக்கு வருகிறேன்.

வட்டில் இருக்கும் சரக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், சிலிக்கன், இரும்பு. அப்படியிருந்தும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கோள் உருவாகாது. காரணம் தூரம். நட்சத்திரத்திற்குப் பக்கத்தில் சூடு, தள்ளிப்போனால் குளிர். ஒவ்வொரு பொருளும் உறைவதற்கு ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பனிக்கோடு என்கிறார்கள். பனியையே பார்க்காத நமக்கு ஐஸ் கோடு என்றால் இன்னும் சட்டென்று விளங்கும்.

தண்ணீர் முதலில் உறையும். காற்றழுத்தம் அறவே இல்லாத அந்த இடத்தில் அதற்கு மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். அங்கே திரவம் என்ற நிலையே கிடையாது. ஆவி நேராக ஐஸ் ஆகும். அதைத் தாண்டினால் மைனஸ் 200க்குக் கீழே கார்பன் டையாக்சைடு உறையும். இன்னும் தள்ளிப்போனால் கார்பன் மோனாக்சைடு.

ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் வாயுவில் மிச்சமிருப்பது மாறுகிறது. சூரியனில் இரண்டு ஆக்சிஜனுக்கு ஒரு கார்பன் என்பது தோராயக் கணக்கு. தண்ணீர் உறைந்தால் அதிலுள்ள ஆக்சிஜன் வாயுவிலிருந்து போய்விடும். கார்பன் டையாக்சைடு உறைந்தால் இன்னும் ஆக்சிஜன் போகும். கடைசியில் வாயுவில் கார்பனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய சமமாகிவிடும். அங்கே ஒரு பெரிய கோள் வாயுவை இழுத்து விழுங்கினால் அதன் காற்றுமண்டலம் ஒரு மாதிரி இருக்கும். உள்ளே விழுங்கினால் வேறு மாதிரி. 2011இல் கரின் ஓபர்க்கும் உடன் இருவரும் எழுதிய சிறிய கட்டுரையின் மையம் இதுதான். எங்கோ ஒரு கோளின் காற்றில் கார்பனையும் ஆக்சிஜனையும் எண்ணினால், அது எந்த ஊரில் பிறந்தது என்று சொல்லிவிடலாமோ என்ற ஆசை அதிலிருந்துதான் வளர்ந்தது.

என் கவிதை கவனிக்கத் தவறியது இதைத்தான். எதனால் ஆனோம் என்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில். அதனாலேயே அந்தப் பதில் எதையும் விளக்குவதில்லை. எவ்வளவு தூரத்தில், எந்தக் குளிரில், யாருக்கு எது கைக்கு எட்டியது என்று கேட்டால்தான் பூமி ஏன் பூமியாகவும் வியாழன் ஏன் வியாழனாகவும் இருக்கிறது என்று தெரியும். நம் பூமியை நீலக்கோள் என்று கொண்டாடுகிறோம். உண்மையில் அதன் எடையில் கடல்நீர் 4,000இல் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர்க் கோட்டுக்கு உட்பக்கம், வறண்ட பகுதியில் பெரும்பாலும் உருவான கோள் இது. இருக்கும் கொஞ்சத் தண்ணீரும் எப்படி வந்தது என்று இன்னும் வாதம் நடக்கிறது.

டீச்சரின் லயத்திற்கும் பங்களாவிற்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். குழாய் எங்கே முடிந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இங்கே நானே என்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும். வட்டில் யாரும் முடிவெடுப்பதில்லை. சூடும் குளிரும் அவற்றின் வேலையைச் செய்கின்றன. தோட்டத்தில் குழாய் எங்கே முடிய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்தார். இரண்டையும் ஒன்றாக்கினால், ஏற்றத்தாழ்வும் இயற்கைதான் என்று வந்து நிற்கும். முதலில் எழுதிய கவிதையைவிட அது மோசம். வட்டு எனக்குக் கற்றுத்தந்தது ஒரு கேள்வியை மட்டும்தான்: சரக்கு ஒன்றுதான், பங்கீடு எப்படி? அந்தக் கேள்வியைத் தோட்டத்திற்கு எடுத்துப் போகலாம். பதிலை எடுத்துப் போக முடியாது.

*

இலக்கியம் படித்த நமக்கு இந்தக் கோடுகளைப் பார்த்தால் ஒன்று ஞாபகம் வரும். திணை. நிலம் இன்னது என்றால் அங்குள்ள கருப்பொருள் இன்னது. எனக்கும் வந்தது. ஒரு வாரம் அந்த மயக்கத்திலேயே திரிந்தேன்.

பொருத்தம் நன்றாகவே போகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் நான்கு வட்டுகளை ஆராய்ந்த முடிவு வந்தது. இரண்டு வட்டுகள் சிறியவை. இரண்டு விரிந்தவை, வளையங்கள் உள்ளவை. சிறிய வட்டுகளில் பனிக்கோட்டை ஒட்டிய குளிர்ந்த நீராவி கூடுதலாக இருந்தது. காரணம் இது: வெளியே ஐஸ் போர்த்திய சிறுகற்கள் வாயுவின் உராய்வால் வேகமிழந்து மெல்ல உள்நோக்கி நழுவுகின்றன. தண்ணீர்க் கோட்டைத் தாண்டியதும் ஐஸ் ஆவியாகிறது. விரிந்த வட்டுகளில் வளையங்கள் அணைபோல் குறுக்கே நின்று கற்களைத் தடுத்துவிடுகின்றன. தண்ணீர் உள்ளே வந்து சேர்வதில்லை. ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்தில். திணைமயக்கம் என்று சொல்லத் தோன்றுமா தோன்றாதா?

இன்னொன்று, ஓரையன் திசையில் ஏறக்குறைய 1,300 ஒளியாண்டு தள்ளி இருக்கும் வி883 ஓரியானிஸ். அந்த இளம் நட்சத்திரம் திடீரென்று கொந்தளித்துப் பிரகாசமானது. சாதாரணமாகச் சூரியன் போன்ற ஒன்றுக்கு பூமி-சூரியன் தூரத்தைப்போல மூன்று மடங்கில் இருக்க வேண்டிய தண்ணீர்க் கோடு 40 மடங்குக்கு விலகிப் போயிருந்தது. 2016இல் அதைக் கண்டார்கள். ஐஸ் நிலமெல்லாம் ஆவி நிலமாகிவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தில் படித்தது நினைவில் வந்து நின்றது.

இந்த இடத்தில் எழுத்தாளன் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு அடுத்த படி நமக்குத் தெரியும். 'அன்றே சொன்னான் தமிழன்.' வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கத்தோடு வருவது. தொல்காப்பியருக்கு இந்த வட்டுகளைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் எழுதியது மனிதர் வாழும் நிலத்தையும் அவர்கள் மனத்தையும்பற்றி. திணையில் உரிப்பொருள் இருக்கிறது. பிரிவும் காத்திருப்பும் இருக்கின்றன. வட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பொருந்தாத அந்த இடத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, பொருந்துவதை மட்டும் காட்டினால் அது விமர்சனம் ஆகாது, விளம்பரம்.

திணை எனக்கு உதவியது வேறு விதத்தில். இடத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்லாதே என்று பழக்கிய மரபு அது. அப்படியொரு மரபில் வந்துவிட்டு, இடமே இல்லாத 'பிரபஞ்சத்தில்' மிதக்கும் கவிதைகளை நாம் ஏன் இவ்வளவு எழுதுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

*

கவிஞர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. அறிவியல் செய்திகளும் இதே சோம்பலில்தான் நடக்கின்றன.

2016இல் டி.டபிள்யூ. ஹைட்ரே வட்டில் மெத்தனால் இருப்பது தெரிந்தது. மெத்தனால் ஒரு ஆல்கஹால். போதாதா? 'விண்வெளியில் மது' என்ற ரகத் தலைப்புகளுக்கு வானியலில் பஞ்சமே இல்லை. அது குடித்தால் கண்ணைப் பறிக்கும் விஷம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஏன் முக்கியம் என்பது தலைப்பில் வருவதில்லை. மெத்தனால் அங்கே வாயுவில் சுலபமாக உருவாவதில்லை. உறைந்த கார்பன் மோனாக்சைடின் மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டி, ஐஸிலேயே உருவாகிறது. அதைப் பார்த்தோம் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஐஸில் என்ன சமையல் நடக்கிறது என்பதற்கு ஒரு தடயம் கிடைத்தது என்று பொருள். எவ்வளவு நல்ல செய்தி. அதை மதுக்கடைச் செய்தி ஆக்கிவிடுகிறோம்.

'உயிரின் மூலப்பொருள் கண்டுபிடிப்பு' இன்னொரு ரகம். 2015இல் இன்னொரு வட்டில் மீத்தைல் சயனைடு கிடைத்தபோதும், 2024இல் சூரியனில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள சிறு நட்சத்திரத்தின் வட்டில் பென்சீன் உட்பட 13 கார்பன் மூலக்கூறுகள் கிடைத்தபோதும் இந்தக் கதைதான். மாவும் சீனியும் தேங்காய்ப்பாலும் கடையில் இருக்கிறது என்பதற்காக வீட்டில் பலகாரம் தயார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சிறு நட்சத்திரத்தின் வட்டில் வியப்பு வேறு. சூரியன் போன்ற நட்சத்திரங்களின் உள்வட்டில் பெரும்பாலும் தண்ணீர் மேலோங்கித் தெரியும். இங்கே கார்பன் மூலக்கூறுகள். நட்சத்திரம் மாறினால் பங்கீடும் மாறுகிறது. 'மூலப்பொருள்' என்ற ஒரே சொல் அந்த வித்தியாசத்தை மூடி மறைத்துவிடுகிறது.

அதேசமயம் விஞ்ஞானிகளிடம் நான் பொறாமைப்படும் ஒன்று உண்டு. எச்.எல். டாரி படம் வந்ததும் ஓர் அழகான விளக்கம் வந்தது. அந்த இடைவெளிகள் சில பொருள்கள் உறையும் கோடுகளோடு ஒத்துப்போகின்றன, ஆகவே வளையங்களை உண்டாக்குவது பனிக்கோடுகளாக இருக்கலாம் என்று 2015இல் எழுதினார்கள். கேட்கவே இனிமையான கருத்து. பிறகு ஆல்மாவில் 20 வட்டுகளை நுணுக்கமாகப் பார்த்தார்கள். 2018இல் முடிவுகள் வந்தன. வளையங்கள் எங்கெங்கோ இருந்தன. எதிர்பார்க்கும் பனிக்கோடுகளோடு பொதுவான பொருத்தம் தெரியவில்லை. அழகான கருத்து எல்லா வட்டுக்கும் பொருந்தும் விதி என்ற இடத்தை இழந்தது. அதற்காக யாரும் யாரையும் துரோகி என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம் இலக்கியச் சூழலில் ஓர் அழகான வரியை 20 கவிதையில் வைத்து யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா? ஒரு கூட்டத்தில் டீச்சர் ஒரு கேள்வி கேட்டதற்கே, 'கவிதையை இப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று பின்னால் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

*

கடைசியாக ஒரு ஆசையைச் சொல்லிவிடுகிறேன். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வி883 ஓரியானிஸின் கொந்தளிப்பில் ஐஸ் ஆவியானதால், வேறெங்கும் ஒளிந்திருக்கும் தண்ணீரை அங்கே நேராக அளக்க முடிந்தது. 2023இல் அந்த முடிவு வந்தது. பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்ததைப்போலக் குறைந்தது 1,200 மடங்கு தண்ணீர். அதைவிட முக்கியம், அதில் கனமான ஹைட்ரஜன் கலந்த தண்ணீரின் விகிதம். டியூட்டீரியம் என்ற அந்தக் கன ஹைட்ரஜன் தண்ணீரில் கூடுதலாகச் சேர வேண்டுமென்றால் கடுங்குளிர் வேண்டும். நட்சத்திரம் பிறப்பதற்கு முந்தைய இருண்ட மேகத்தின் குளிர். அந்த வட்டில் கண்ட விகிதம், பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களைச் சுற்றிய மேகங்களிலும் நம் வால்மீன்களிலும் கண்டதோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் தண்ணீர் வட்டில் புதிதாகச் செய்யப்படவில்லை. மேகத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீரிலும் ஒரு பகுதி சூரியனைவிட மூத்ததாக இருக்கலாம்.

இந்தத் துறையில் இது ஒரு பழைய வாதம். வட்டில் இருப்பது வழிவழியாக வந்ததா, அல்லது வட்டின் சூட்டில் எல்லாம் உடைந்து முதலிலிருந்து தொடங்கியதா? வந்த சொத்தா, புதுக்கணக்கா?

இந்தக் கேள்வியை ஒரு மலேசியத் தமிழனிடம் கேட்டால் அவன் என்ன செய்வான்? கப்பலேறி வந்த பூட்டனின் பேரன் நான். ஊர் எது என்று கேட்டால் முழிப்பவன். 'இந்த நாட்டை விடவும் மூத்த தண்ணீர் நாங்கள்' என்று ஒரு வரி மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல வரிதான். கைதட்டும் வாங்கும்.

எழுதவில்லை. ஏனென்றால் அந்த ஆய்வு சொன்னது ஒரு வட்டைப்பற்றி, தண்ணீரைப்பற்றி. அதே வட்டுகளின் உட்பகுதியில், சூடு மிகுந்த இடத்தில், நிறைய மூலக்கூறுகள் உடைந்து புதிதாகச் சேர்கின்றன. சில வந்தவை, சில அங்கேயே ஆனவை. எது எவ்வளவு என்று ஒவ்வொரு மூலக்கூற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான். அம்மா வைக்கும் ரசம் வந்தது. 'மாக்கான் ஆச்சா?' என்று சிரிப்புக்காகக் கேட்பது இங்கே ஆனது. சாதி வந்தது. அதை மறைக்கக் கற்றுக்கொண்டது இங்கே. இப்படி ஒவ்வொன்றாக எழுதினால் கவிதை வரலாம். மொத்தமாக 'மூத்த தண்ணீர்' என்றால் பழையபடி நட்சத்திரத் தூசிதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

*

என் முதல் தொகுப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கவிதையை எடுத்துவிட்டேன். தொகுப்பாளர் நண்பருக்கு வருத்தம். "அதுதான்டா எல்லாருக்கும் பிடிச்சது" என்றார். அதனால்தான் எடுத்தேன் என்றேன்.

போன மாதக் கூட்டத்தில் டீச்சரிடம் இந்த வட்டுக் கதைகளையெல்லாம் சொன்னேன். கோடு, குளிர், உள்நோக்கி நழுவும் ஐஸ் கற்கள், அணைபோல் நிற்கும் வளையங்கள். பொறுமையாகக் கேட்டார். பிறகு லயத்துப் பைப்பைப்பற்றிச் சொன்னார். விடிவதற்கு முன்பே வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டுமாம். யாருடைய வாளி எந்த இடத்தில் என்பதற்கு ஒரு கணக்கு இருந்ததாம். ஒருநாள் அவருடைய அம்மாவின் வாளியை யாரோ பின்னால் தள்ளிவிட்டார்கள். அன்று வீட்டில் சோறு வைக்க ராத்திரி எட்டு மணி ஆனதாம்.

"அந்த வாளி என்ன நிறம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"தகர வாளி தம்பி. நிறமெல்லாம் இல்ல. ஆனா அடியில சிவப்புப் பெயிண்டுல ஒரு கோடு போட்டுருப்பாங்க அம்மா, நம்மளதுன்னு தெரியறதுக்கு."